விரிவுரையும் அதன் தலைகீழாக்கமும்: பல்கலைக்கழகக் கற்பித்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகப் பாடநெறிகளைத் திருத்தியமைப்பது பற்றிப் பேசப்படும் இடங்களிலெல்லாம் அண்மைக் காலமாக 'தலைகீழ் வகுப்பறை' என்னும் தொடர் அடிபட்டு வருகின்றது. விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் சொல்லி வந்ததை மாணவர் வகுப்புக்கு வருமுன்னரே அச்செழுத்து மூலமோ ஒளிப்பதிவு மூலமோ கற்று வருதல். வீட்டில் தனித்துச் செய்த பயிற்சியையும் சிந்தனையையும் வகுப்பறையில் ஆசிரியரின் முன்னிலையிற் கூடிச் செய்தல்: இதுவே அம்முறையின் சாரம். ஒழுங்கு மாறுகின்றமையால் 'தலைகீழ்' என்னும் அடைமொழி வந்தது.

இம்முறையை ஆதரிப்போர் அதனைக் கணினி யுகத்தின் கண்டுபிடிப்பென்பர். எதிர்ப்போர் அதனை ஆசிரியரின் இடத்தைப் பறிக்கும் மேனாட்டு நாகரிகமென்பர். இவ்விரு சாராரும் அதன் வரலாற்றை நோக்கத் தவறிவிடுகின்றனர் என்பதே நமது கருத்து. எந்தக் கற்பித்தல் முறையும் வெற்றிடத்திலே தோன்றுவதில்லை. நூல் யாருடைய கையில் இருந்தது, கற்பதற்கான நேரம் யாருக்கு வாய்த்தது, வகுப்பறையிலே பேசும் உரிமை யாருக்கு இருந்தது என்னும் மூன்று வினாக்களுக்கு ஒவ்வொரு காலமும் அளித்த விடையே அக்காலத்துக் கற்பித்தல் முறையாக வடிவங் கொண்டது. இம்மூன்று வினாக்களையும் துணையாகக் கொண்டு விரிவுரையின் வரலாற்றையும் அதன் தலைகீழாக்கத்தின் வரலாற்றையும் சுருக்கமாக நோக்கி, அவ்வரலாறு நமது பல்கலைக்கழகங்களின் பாடநெறிச் சீரமைப்புக்கு எதனை உணர்த்துகின்றது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நூற்பஞ்சமும் விரிவுரையும்

விரிவுரையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'வாசித்தல்' எனப் பொருள்படும் இலத்தீன் அடியிலிருந்து பிறந்தது. பொலோஞ்ஞா, பாரிஸ், ஒக்ஸ்போட் ஆகிய இடங்களில் 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் வளர்ந்த பல்கலைக்கழகங்களிலே ஆசிரியர் செய்த முதற் பணி வாசிப்பதே. உரோமச் சட்டத் தொகுதியையோ அரிஸ்ரோட்டிலின் நூலையோ பகுதி பகுதியாக வாசித்து, சொற்பொருள் கூறி, ஐயம் அகற்றுவார். நமது மரபில் மூலநூலுக்கு விரித்தெழுதப்படும் உரையை விரிவுரை என்றமையும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. மூலநூல் ஒன்று முன்னே இருக்க, அதற்கு உரை விரிப்பதே விரிவுரையின் தொடக்கநிலை.

இம்முறைக்கான பொருளியற் காரணம் வெளிப்படையானது. தோலில் எழுதப்பட்ட கையெழுத்து நூல் பெருவிலை கொண்டது. வறிய மாணவன் ஒரு சட்ட நூலை விலைகொடுத்து வாங்க எண்ணியும் பார்த்திரான். 13ஆம் நூற்றாண்டிலே பல்கலைக்கழகத்தின் மேற்பார்வையில் நூல் வணிகர்கள் ஒரு நூலைக் கட்டாத சிறு ஏட்டுத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் குறித்த வாடகைக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டாயிற்று. ஒரே நூலின் வெவ்வேறு பகுதிகளைப் பலர் ஒரே வேளையிற் படியெடுக்க இது வழிசெய்தது. ஆயினும் பஞ்சம் தீரவில்லை. விரிவுரை மண்டபமே பலருக்கு நூலகமாகவும் படியெடுக்கும் கூடமாகவும் இருந்தது.

இந்நிலையில் 1355இல் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடம் பிறப்பித்த விதியொன்று நமது கவனத்துக்குரியது. மாணவர் எழுதிக்கொள்ளும் வண்ணம் மெதுவாகச் சொல்லும் வழக்கத்தை ஆசிரியர்கள் கைவிட வேண்டும். எதிரே ஒருவரும் எழுதவில்லை என்பது போல விரைந்து பேச வேண்டும் என அவ்விதி பணித்தது. மீறும் ஆசிரியருக்குத் தண்டனை விதித்ததோடு, இதனை எதிர்த்துக் கூச்சலிட்டும் சீழ்க்கையடித்தும் கல்லெறிந்தும் குழப்பம் விளைவிக்கும் மாணவருக்கும் தண்டனை விதித்தது. கல்லெறிதலை விதியிலே குறிப்பிட்டுத் தடைசெய்ய நேர்ந்ததெனின், சொல்லக் கேட்டு எழுதும் வாய்ப்புக்காக மாணவர் எத்துணைத் தீவிரமாக நின்றிருப்பர் என ஊகிக்கலாம். பீடம் புலமையின் தரத்தைப் பற்றிக் கவலைப்பட்டது. மாணவனோ நூலில்லாத தன் நிலைமையைப் பற்றிக் கவலைப்பட்டான். கல்வியின் உயர்நோக்கைக் காட்டி ஒரு பழக்கத்தைத் தடைசெய்வது எளிது. அப்பழக்கத்தைத் தோற்றுவித்த இல்லாமையை நீக்குவதே அரிது.

இங்கு மறத்தலாகாத மற்றொரு செய்தியும் உண்டு. வாசிப்போடு வாதமும் இடைக்காலக் கல்வியின் இன்றியமையாத கூறாக இருந்தது. ஆசிரியர் ஒரு வினாவை முன்வைப்பார். மூத்த மாணவர் ஒருவர் விடை கூறுவார். பிறர் தடை எழுப்புவர். இறுதியில் ஆசிரியர் முடிபு கூறுவார். பட்டம் பெற விரும்பியவன் கேட்டால் மட்டும் போதாது. வாதிட்டும் காட்ட வேண்டும். பிற்காலத்திலே வாதம் வெறுஞ் சடங்காகத் தேய்ந்து மறைய, வாசிப்பே பல்கலைக்கழகக் கல்வியென எஞ்சியது.

2. அச்சுநூலுக்குப் பின்னர்

15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிற் பரவத் தொடங்கிய அச்சுக்கலை விரிவுரையின் மூலகாரணத்தை அகற்றியது. ஆயின் விரிவுரை அகலவில்லை. நூல்கள் மலிந்துவிட்ட பின்னரும் விரிவுரை எதற்கு என 18ஆம் நூற்றாண்டில் சாமுவேல் ஜோன்சன் கேட்டார். காரணம் மறைந்த பின்னரும் நிறுவனம் நிலைப்பது வரலாற்றிற் புதிதன்று. பட்டம் வழங்கும் அதிகாரம், ஆசிரியரின் தகுதி, கட்டணம் ஆகிய யாவும் விரிவுரையைச் சுற்றியே அமைந்துவிட்டன.

எனினும் மூன்று இடங்களில் மாற்று ஒழுங்குகள் தோன்றின. முதலாவது, ஜேர்மனியின் ஆய்வுக் கருத்தரங்கு. கோட்டிங்கனில் 18ஆம் நூற்றாண்டிலும், 1810இல் நிறுவப்பட்ட பேர்லின் பல்கலைக்கழகத்திலே பின்னரும் வளர்ந்த இம்முறையில், மாணவர் மூலங்களைத் தாமே படித்துக் கட்டுரை எழுதி வந்து ஆசிரியர் முன்னிலையில் விவாதித்தனர். நவீன வரலாற்றாய்வு ராங்கேயின் கருத்தரங்கிலே பயிற்சி பெற்றது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அது தேர்ந்தெடுத்த சிலருக்குரியது. அவர்தம் கைக்கெட்டிய நூலகத்தையும் சில இடங்களில் உதவிப்பணத்தையும் நம்பி நின்றது.

இரண்டாவது, ஐக்கிய அமெரிக்காவின் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரி. 1817 முதல் 1833 வரை அதன் தலைவராயிருந்த சில்வேனஸ் தேயர், மாணவரைச் சிறு குழுக்களாகப் பிரித்தார். ஒவ்வொருவரும் அன்றன்றைய பாடத்தை முன்னரே படித்துவந்து, கரும்பலகையின் முன் நின்று கணக்கைச் செய்து விளக்க வேண்டும். ஆசிரியரின் வேலை சொற்பொழிவன்று, குறுக்கு விசாரணை. இராணுவத்துக்கு வேண்டிய பொறியியலாளரைக் குறித்த காலத்தில் உருவாக்கவேண்டிய அரசின் தேவையே இம்முறையை ஈன்றது. மாணவரின் உணவு, உறைவிடம், நூல், நேரம் யாவும் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தமை அதனைச் சாத்தியமாக்கிற்று.

மூன்றாவது, ஹாவாட் சட்டக் கல்லூரி. 1870இல் அதன் பீடாதிபதியான கிறிஸ்ரோபர் லாங்டெல், சட்ட விதிகளை விரித்துரைப்பதை விடுத்து, மாணவர் வழக்குத் தீர்ப்புகளை முன்கூட்டியே படித்துவரச் செய்து, வகுப்பில் வினாக்களை மட்டும் தொடுத்தார். தொடக்கத்தில் மாணவர் பலர் அவ்வகுப்பைக் கைவிட்டனர். ஆயினும் சில தசாப்தங்களில் அதுவே அமெரிக்கச் சட்டக் கல்வியின் பொதுமுறையாயிற்று. அவர் முதலிற் செய்த காரியம் ஈண்டு நமக்கு முக்கியமானது. ஒரே தீர்ப்பை ஒரே வாரத்தில் எல்லாரும் படிக்க வேண்டுமாயின் நூலகத்திலுள்ள ஒரு பிரதி போதாது என்பதை உணர்ந்த அவர், ஒப்பந்தச் சட்டம் பற்றிய தீர்ப்புகளைத் தொகுத்து 1871இல் நூலாக வெளியிட்டார். வகுப்பறை தலைகீழாவதற்கு முன் நூல் மாணவன் கைக்கு வர வேண்டியிருந்தது.

3. தமிழ் மரபிலிருந்து இரு சான்றுகள்

'வகுப்பில் வாதம்' என்பது முற்றிலும் மேலைநாட்டுச் சரக்கெனக் கருதுவோர் நன்னூலின் பொதுப்பாயிரத்தை மீண்டும் புரட்டிப் பார்க்கலாம். 13ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் மாணாக்கன் பாடங் கேட்கும் முறையைக் கூறுமிடத்துப் புலமையைப் பங்கிட்டுக் காட்டுகின்றார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கொள்பவனும் காற்பங்கே பெறுவான். உடன் பயில்வோரோடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. இக்கணக்கு அளவைநூற் கணக்கன்று. ஆயினும் கேட்டலினும் கூறலுக்கு இருமடங்கு மதிப்பளித்த ஒரு கல்விக் கொள்கை அதிலே தெளிவாகப் பதிந்துள்ளது. அக்கல்வி யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதும் நாம் கேட்கவேண்டிய வினாவே. ஏட்டுக் கல்வியின் எல்லை சாதியாலும் பாலாலும் வரையறுக்கப்பட்டிருந்தது. கொள்கையின் உயர்வு அதன் சமூக எல்லையை மறைத்துவிடலாகாது.

இரண்டாவது சான்று சென்னையோடு தொடர்புடையது. 1789இல் அங்கு இராணுவத்தாரின் ஆண் அநாதைச் சிறுவர்க்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல் என்னும் மதகுரு, உள்ளூர்ப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைக் கைக்கொண்டதோடு, மூத்த மாணவரைக் கொண்டு இளையோர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வளர்த்தார். 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வாயிலாக அது 'மதராஸ் முறை' எனப் பெயர்பெற்றுப் பிரித்தானியாவிற் பரவியது. அங்கே அதற்கு நேர்ந்த கதி சிந்திக்கத்தக்கது. தொழிற்புரட்சிக் காலத்து ஏழைச் சிறுவர் நூற்றுக்கணக்கானோரை ஒரே ஆசிரியரைக் கொண்டு குறைந்த செலவிற் கட்டுப்படுத்தும் கருவியாக அது பயன்பட்டது. மாணவர் மாணவர்க்குக் கற்பித்தல் என்னும் ஒரே உத்தி, நன்னூலிற் புலமையின் நிறைவாகவும் தொழிற்புரட்சிக் காலத்துப் பிரித்தானியாவிற் சிக்கனத்தின் கருவியாகவும் இருக்க முடிந்தது. உத்தியைக் கையாளும் நிறுவனம் எதனை நாடுகின்றதோ அதற்கேற்பவே அதன் விளைவும் அமைகின்றது. இன்று ஒளிப்பதிவுகளை வைத்து ஆசிரியர் தொகையைக் குறைக்கலாமெனக் கணக்கிடும் நிருவாகங்கள் எழுமாயின், அவை பெல்லின் வழித்தோன்றல்களே.

4. இருபதாம் நூற்றாண்டு

1960களின் தொடக்கத்திலே பிறேசிலின் புதிய தலைநகரில் உருவாகிய பிறசீலியாப் பல்கலைக்கழகத்திற்கு உளவியற் பாடத்தை அமைப்பதற்காக அமெரிக்கரான பிரெட் கெலர் அழைக்கப்பட்டார். அவரும் கரோலினா போரி முதலிய பிறேசிலிய ஆசிரியர்களும் வகுத்த திட்டத்தில் எழுத்துவடிவப் பாடமே அடிப்படையாக அமைந்தது. மாணவன் தன் வேகத்திற் கற்பான்; ஓர் அலகைத் தெளிவுறக் கற்றதாகக் காட்டிய பின்னரே அடுத்ததற்குச் செல்வான்; முன்னர் அப்பாடத்தைக் கற்றுத் தேறியவர்கள் அருகிருந்து திருத்துவர்; விரிவுரை ஊக்கமூட்டுவதற்காக மட்டும் எப்போதாவது நிகழும். 1964இல் இத்திட்டம் தொடங்கிய அதே ஆண்டில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிற்று. 1965இல் இராணுவ ஆட்சியின் தலையீட்டை எதிர்த்து 200க்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அப்பல்கலைக்கழகத்திலிருந்து விலகினர். பின்னர் 1968இல் கெலர் எழுதிய கட்டுரையின் மூலம் இத்திட்டம் அமெரிக்காவிற் புகழ்பெற்றது. இன்று அதனை நினைவுகூர்வோர் அதன் உத்திகளை நினைவுகூர்கின்றனரேயன்றி, மூன்றாம் உலக நாடொன்றின் கல்விக் கனவிலே அது பிறந்ததையும் அக்கனவு கலைக்கப்பட்டதையும் நினைவுகூர்வது அரிது.

1991இல் ஹாவாட் பௌதிகப் பேராசிரியர் எரிக் மாசூர் வேறொரு வழியால் இவ்விடத்தை வந்தடைந்தார். கடினமான கணக்குகளைச் செய்துவிடும் தம் மாணவர், விசை பற்றிய எளிய கருத்துவினாக்களுக்குத் தடுமாறுவதை அவர் கண்டார். முன்வாசிப்பைக் கட்டாயமாக்கினார். வகுப்பில் ஒரு வினா, ஒவ்வொருவரும் தனித்து விடை தெரிவித்தல், அருகிலிருப்போரோடு வாதிடுதல், மீண்டும் விடை தெரிவித்தல் என்னும் ஒழுங்கை வகுத்தார். நன்னூலார் கூறிய உடன்பயில்வோரும் எடுத்துரைத்தலும் இங்கு வேறொரு உடையில் வந்து நிற்கின்றன. 2000ஆம் ஆண்டில் ஒகையோவிலுள்ள மயாமிப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் மூவர் வகுப்பறையைத் தலைகீழாக்குதல் என்னும் தொடரைத் தம் ஆய்வுக் கட்டுரையிற் கையாண்டனர். 2007இல் கொலராடோவிலுள்ள வுட்லண்ட் பார்க் உயர்பள்ளியின் இரசாயனவியல் ஆசிரியர்களான பேர்க்மனும் சாம்ஸும் வகுப்புக்கு வரவியலாத மாணவருக்காகப் பாடங்களை ஒளிப்பதிவு செய்யத் தொடங்கியபின் அத்தொடர் உலகெங்கும் பரவிற்று. ஒளிப்பதிவு இவ்வரலாற்றின் கடைசி ஏட்டிலேயே வருகின்றது என்பது இதுகாறும் கூறியவற்றாற் புலப்படும்.

5. ஆய்வுகள் கூறுவன

இம்முறையின் பயன் பற்றிய ஆய்வுகள் இன்று மலிந்துள்ளன. அவற்றுள் நான்கினை மட்டும் நோக்குவோம். 2014இல் பிறீமனும் பிறரும் விஞ்ஞான, பொறியியல், கணிதப் பாடங்கள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். விரிவுரை வகுப்புகளில் 33.8 வீதமாக இருந்த சித்தியெய்தாமை, மாணவர் செயற்பட்டுக் கற்ற வகுப்புகளில் 21.8 வீதமாக இருந்தது. 2015இல் பிரிகாம் யங் பல்கலைக்கழக உயிரியற் பாடமொன்றிலே நடந்த ஒப்பீடு இதனை மேலும் நுணுக்கிற்று. தலைகீழ் ஒழுங்கில் ஒரு சாராரும், வழமையான ஒழுங்கில் ஆனால் அதேயளவு செயற்பாட்டோடு மற்றொரு சாராரும் கற்றபோது, அடைவில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே பயன் தருவது வகுப்பறையில் நிகழும் கூட்டுச் செயற்பாடேயன்றி, பாடம் வீட்டுக்கு அனுப்பப்பட்டமை அன்று.

2019இல் ஹாவாட்டில் வெளிவந்த பௌதிக ஆய்வு, செயற்பட்டுக் கற்ற மாணவர் உண்மையில் அதிகம் கற்றும் தாம் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தனர் எனக் காட்டிற்று. சொல்வளம் மிக்க விரிவுரை, புரிந்துவிட்டது என்னும் மயக்கத்தை அளிக்கின்றது. மாணவர் கருத்துப் படிவங்களை மட்டும் அளவுகோலாகக் கொண்டு பாடநெறியை மதிப்பிடும் நிருவாகத்தினர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

நான்காவது ஆய்வு தேயரின் வெஸ்ற் பொயின்ற் கல்லூரியிலேயே நிகழ்ந்தது, 2021இல் வெளிவந்தது. கணிதம், பொருளியல் ஆகிய பாடங்களின் வகுப்புகள் எழுமாற்றாகத் தலைகீழ் முறைக்கும் வழமை முறைக்கும் பிரிக்கப்பட்டன. கணிதத்தில் உடனடியாகத் தோன்றிய சிறு நன்மை இறுதிப் பரீட்சைவரை நீடிக்கவில்லை; பொருளியலில் நன்மையே தோன்றவில்லை. அந்நன்மையும் முன்னரே திறமை காட்டியவரையும், வெள்ளையினத்தவரையும், ஆண்களையுமே பெரும்பாலும் சேர்ந்தது, இடைவெளி விரிந்தது. உணவும் உறைவிடமும் நேர ஒழுங்கும் யாவர்க்கும் சமமாக வழங்கப்படும் இராணுவக் கல்லூரியிலேயே இஃதாயின், அவை சமமாக இல்லாத நாட்டிலே என்ன நிகழும் என்பதை நாம் கேட்டே ஆகவேண்டும்.

6. நமது பல்கலைக்கழகங்கள்

இலங்கையில் 1921இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் 904 மாணவருடன் தோன்றியபோதும், 1952இல் அது பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோதும், சேர் ஐவர் ஜெனிங்ஸ் முதலியோர் மனத்திற் கொண்டிருந்த முன்மாதிரி ஆங்கில நாட்டு வதிவிடப் பல்கலைக்கழகமே. விரிவுரையோடு சிறுகுழுப் பயில்வகுப்பும் நூலகமும் விடுதியும் அம்மாதிரியின் உறுப்புகள். ஆங்கிலம் கற்ற சிறுதொகையினர்க்கு அது பொருந்திற்று.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாகக் கிராமப்புறத்து மாணவர் பல்கலைக்கழக வாயிலை அடைந்தனர். 1960ஆம் ஆண்டளவிற் கலைப்பீடங்களிற் சிங்களமும் தமிழும் போதனாமொழிகளாயின. இம்மாற்றம் மக்களின் நியாயமான உரிமை என்பதில் ஐயமில்லை. ஆனால் போதனாமொழி மாறிய வேகத்தில் நூல்கள் மாறவில்லை. ஆங்கில நூலிற் படித்த ஆசிரியர் தமிழிலே சொல்லச் சொல்ல மாணவர் எழுதிக்கொண்டனர், அக்குறிப்பே பாடநூலாயிற்று, படியெடுக்கப்பட்டு ஆண்டுக்காண்டு கைமாறிற்று. 1355இல் பாரிஸ் மாணவர் எந்நிலையில் நின்றனரோ ஏறக்குறைய அந்நிலையிலேயே நமது மாணவரும் நின்றனர். அவர்களைச் 'சொல்வதை எழுதும் கூட்டம்' எனப் பழித்தோர், எழுதாமல் எதனை வாசிப்பது என்னும் வினாவுக்கு விடை கூறவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வாசிப்பை முதற்படியாகக் கொள்ளும் எந்தக் கல்வி முறை பற்றியும் தமிழிற் பேசுவோர் இவ்விழப்பை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

நூலை முதலில் ஆக்கிப் பின்னர் கற்பித்த முன்னுதாரணங்களும் நம்மிடையே உள. 1847இல் யாழ்ப்பாணம் வந்து 1873இல் நாடு திரும்பிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்தார். அதற்கெனத் தம் மாணவரின் துணையோடு உடற்கூறு, சத்திரசிகிச்சை, இரசாயனம் முதலிய துறை நூல்களைத் தமிழாக்கினார். 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், தொழில் செய்துகொண்டே கற்போர்க்கு அச்சிட்ட பாடத்தொகுதிகளை வழங்கி, குறித்த நாட்களிற் கூடி ஐயம் தீர்க்கும் வகுப்புகளை நடத்திற்று. தலைகீழ் வகுப்பறை என்னும் பெயரின்றியே அதன் ஒழுங்கு இந்நாட்டில் நான்கு தசாப்தங்களுக்கு மேலாகப் பழகிவிட்டது. மரபுவழிப் பல்கலைக்கழகங்கள் அவ்வனுபவத்தைத் தமக்கு நிகராகக் கருதிக் கற்க முன்வராமை வருந்தத்தக்கது.

2020 மார்ச் மாதத்திற் கொவிட் பெருந்தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ன் எனப்படும் பல்கலைக்கழக வலையமைப்பு சூம் வகுப்புகளுக்கு வழிசெய்தது. தொலைபேசி நிறுவனங்களின் இணக்கத்தோடு பல்கலைக்கழகத் தளங்களை மாணவர் கட்டணமின்றி அடையவும் முடிந்தது. பொது நிறுவனமொன்றின் இந்த ஏற்பாடு பாராட்டுக்குரியது. ஆயினும் பல மாணவரிடம் இருந்த ஒரே கருவி கையடக்கத் தொலைபேசி. அலைவரிசை தேடி மேட்டு நிலத்துக்கும் மரநிழலுக்கும் சென்றோர் உளர். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரத்தை எட்டியது. 'வீட்டிலே பார்த்து வருக' என்னும் எளிய கட்டளை மின்சாரம், கருவி, தனியிடம், வீட்டு வேலையிலிருந்து விடுதலை ஆகியவற்றை முன்னிபந்தனையாகக் கொண்டது. தோட்டத்து லயன் அறையிலிருந்து வரும் மாணவிக்கும் நகரத்து உத்தியோகத்தரின் மகனுக்கும் அது ஒரே கட்டளையன்று.

7. பாடநெறிச் சீரமைப்புக்கான சில முடிபுகள்

இவ்வளவும் கூறியமை இம்முறையை நிராகரிப்பதற்கன்று. விரிவுரையை அவ்வாறே காப்பது ஏழை மாணவர்க்கு நன்மை செய்வதாகாது. 2020இல் தீபோல்டும் பிறரும் வெளியிட்ட தொகுப்பாய்வு, வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி செயற்பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களிலே பின்தங்கிய மாணவரின் அடைவு இடைவெளி குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததைக் காட்டுகின்றது. எனவே வரலாறு தரும் நிபந்தனைகளோடு இம்முறையை ஏற்பதே நமது நிலைப்பாடு.

முதலாவது நேரம் பற்றியது. 2012இல் வெளியிடப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகம் ஒரு கிரெடிட்டுக்கு 50 கற்றல் மணித்தியாலங்களைக் குறிக்கின்றது. அதில் விரிவுரைக்கு வழமையாகச் செல்வது 15. மூன்று கிரெடிட் கொண்ட பாடமொன்றில் 150 மணித்தியாலங்களுள் 45 போக 105 மணித்தியாலங்கள் மாணவனின் பொறுப்பிலே விடப்பட்டுள்ளன. இவ்வளவு பெரிய பங்குக்கு நம் பாடத்திட்டங்கள் 'சுயகற்றல்' என்னும் ஒரு சொல்லையன்றி வேறெதனையும் வழங்குவதில்லை. சீரமைப்பு இங்கே தொடங்க வேண்டும். புதிய வேலையைச் சேர்ப்பதன்று நோக்கம்; ஏட்டில் ஏற்கெனவே உள்ள நேரத்துக்கு உருக்கொடுப்பதே. அந்நேரத்தின் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே, நூலகத்திலோ வெறுமையாய்க் கிடக்கும் மண்டபத்திலோ, நேரசூசியிற் குறித்து வழங்கினால் வீட்டு நிலைமையின் ஏற்றத்தாழ்வு பெரிதும் தணியும்.

இரண்டாவது நூல் பற்றியது. ஒளிப்பதிவை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எட்டுப் பக்கத்து நல்ல தமிழ்க் கட்டுரை, மின்சாரமின்றியும் வாசிக்கத்தக்கது, படியெடுக்கச் செலவு குறைந்தது, திருத்த எளிது. லாங்டெலும் கிறீனும் செய்த வேலையை ஒவ்வொரு துறையும் கூட்டுப்பணியாகச் செய்யவேண்டும். அதனை ஆய்வுக் கட்டுரைக்கு நிகரான புலமைப்பணியாகப் பதவியுயர்வுச் சபைகள் மதித்தாலன்றி எவரும் முன்வரார்.

மூன்றாவது வகுப்பறை பற்றியது. ஓர் உதாரணத்தால் விளக்குவோம். இலங்கையின் பெருந்தோட்ட வரலாறு பற்றிய பாடத்தில், கோப்பியின் வீழ்ச்சி ஒரு வாரத்துக்குரியது. 1869இற் காணப்பட்ட இலைநோய், 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரையிற் தொடங்கிய தேயிலைச் செய்கை, உலகச் சந்தையிற் பிறேசிலின் எழுச்சி ஆகியவற்றை விரித்துரைக்க இன்று விரிவுரையின் முழுநேரமும் செலவாகின்றது. அவை முன்வாசிப்புக்கு உரியன. வகுப்பில் ஒரு வினா போதும்: கோப்பியைக் கொன்றது பூஞ்சணமா, தனிப்பயிரை நம்பிய குடியேற்றப் பொருளாதாரமா? மாணவர் தனித்தனியே விடை எழுதி, குழுவில் வாதிட்டு, சான்று காட்டி, விடையை மாற்றவோ நிலைநாட்டவோ செய்வர். துரைமாரின் நட்டத்தைப் பேசும் மூலங்கள் தொழிலாளரின் கதியை எவ்வளவு பேசுகின்றன என்னும் வினா அவர்களிடமிருந்தே எழ இடமுண்டு. அது எழும் தருணமே வரலாற்றுக் கல்வி தொடங்கும் தருணம்.

நான்காவது பரீட்சை பற்றியது. இறுதிப் பரீட்சை குறிப்பை ஒப்புவிக்கக் கேட்குமாயின் மாணவர் குறிப்பையே கேட்பர்; அவர்கள் பக்கமே நியாயமும் இருக்கும். வாதத்துக்கு வகுப்பில் இடந்தந்து பரீட்சையில் மதிப்பளிக்காத சீரமைப்பு, நூலைத் தராமல் எழுத்தைத் தடைசெய்த பாரிஸ் விதிக்கு ஒப்பானதே.

இறுதியாக, அதிகாரம் பற்றி ஒரு சொல். விரிவுரை மண்டபத்திலே ஒருவர் பேச நூறு பேர் கேட்பது வசதிக்காக மட்டும் நிலைத்த ஏற்பாடன்று. படிநிலைச் சமூகமொன்றின் பழக்கங்களோடு அது ஒத்துப்போயிற்று. அந்த ஒழுங்கைப் புரட்டுவதென்பது ஆசிரியர் தம் முடிபும் வினாவுக்குட்படும் என்பதை ஏற்பதாகும். புதுமுக மாணவரைப் பகிடிவதையாலும் விரிவுரையாளரின் கண்டிப்பாலும் வாய்மூடப் பழக்கும் நிறுவனம், அவர்களே வகுப்பில் வாதிட வேண்டுமென எதிர்பார்ப்பது முரண்பாடு. நூலும் நேரமும் பேச்சுரிமையும் ஒருங்கே பகிரப்படும் இடத்தில் தலைகீழ் வகுப்பறை ஒரு சனநாயகச் சாதனமாகும். அவை பகிரப்படாத இடத்தில் ஏற்கெனவே உள்ளோர்க்கு மேலும் கொடுக்கும் வேறொரு வழியாகவே அது முடியும். இவ்விரண்டுள் எதனை நாம் அமைக்கப் போகின்றோம் என்பது கணினி நிலையங்களில் அன்று, பீடச் சபைகளிலும் பாடத்திட்டக் குழுக்களிலும் தீர்மானிக்கப்பட வேண்டியது. அக்குழுக்களிலே மாணவர்க்கும் ஆசனம் உண்டா என்பதே நாம் முதலிற் கேட்கவேண்டிய வினா.